ஒழுகும் லேண்ட் குரூசர்: கழற்றுவதா, காப்பாற்றுவதா?

(காட்சி: தூக்கி நிறுத்திய வண்டியின் முன் இடது சக்கரம். கைவிளக்கு வெளிச்சம்.)

வணக்கம். இது டொயோட்டா லேண்ட் குரூசர் 100. 1998 முதல் 2007 வரை வந்த தலைமுறை. ஷாக் அப்சார்பரின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். புழுதி, பிசைந்த மாவுபோல் அப்பியிருக்கிறது. மற்ற மூன்று சக்கரங்களிலும் தட்டினால் உதிர்ந்துவிடுகிறது. எண்ணெய் கசிவது இங்கேதான்.

வண்டிக்காரர் முடிவோடு வந்திருக்கிறார். "ஹைட்ராலிக்கே வேண்டாம், கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் மாட்டுங்கள்" என்கிறார். ஒரு சீல் போனதற்காக வீட்டையே இடிப்பதா? முதலில் அளந்து பார்ப்போம்.

(காட்சி: தாளில் பேனாவால் வரையும் படம்.)

வண்டியின் உயரத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் இந்த ஏற்பாட்டின் பெயர் ஏ.எச்.சி. (Active Height Control). ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் வண்டி உயரும், தாழும். முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கினால் ஸ்பிரிங்போல் எதிர்த்து நிற்கும் இரும்புக் கம்பி. பின்னால் சுருள் ஸ்பிரிங். எடையின் பெரும்பகுதியை இவை சுமக்கின்றன. மீதியைச் சுமப்பது எண்ணெய். ஷாக்கிலிருந்து குழாய் வழியாக எண்ணெய் ஓர் உருண்டைக்குள் போகிறது. உருண்டைக்குள் ஒரு ரப்பர்த் திரை. அதன் மறுபக்கம் நைட்ரஜன். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது அமுங்கி விரிவது அந்த வாயுதான். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு உருண்டைகள். வண்டியை உயர்த்தும் அழுத்தத்தைச் சேமிக்க ஐந்தாவதாக ஒன்று.

இதிலிருந்து ஒன்று புரியும். ஸ்பிரிங் தளர்ந்தால் எண்ணெயின் பங்கு கூடும். உயரத்தைக் கவனிக்கும் சென்சார் விடாது. பம்ப் இன்னும் எண்ணெயைத் தள்ளி வண்டியைப் பழைய மட்டத்திலேயே நிறுத்திவைக்கும். வெளியே பார்த்தால் குறையே தெரியாது. உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், சவாரி கட்டைவண்டிபோல் ஆகியிருக்கும், சீல்களும் திணறும். முன்பக்கம் அழுத்தம் ஏறத்தாழ 6.9 மெகாபாஸ்கல் இருந்தால் போதும். அதுவே காரின் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் முப்பது மடங்கு.

(காட்சி: எண்ணெய்த் தொட்டியின் கோடுகள், மிக அருகில்.)

உருண்டைகளைச் சோதிக்கக் கருவி வேண்டாம். என்ஜினை ஓடவிட்டு, பொத்தானை அழுத்தி வண்டியை உயர்ந்த நிலையில் நிறுத்துங்கள். தொட்டியில் எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தாழ்ந்த நிலைக்கு இறக்குங்கள். எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி வந்து மட்டம் ஏறும். இரண்டுக்கும் இடையே 14 கோடுகள் இருந்தால் உருண்டைகள் நலம். 7 அல்லது அதற்கும் கீழே என்றால் நைட்ரஜன் போய்விட்டது. இந்த வண்டியில் 11. சாகிற வயது இன்னும் வரவில்லை.

(காட்சி: சேசிஸ் ஓரமாகப் போகும் குழாய்கள்.)

குழாய்களையும் பாருங்கள். நடுவில் பளபளக்கும், ஏமாறாதீர்கள். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில்தான் சேறு தங்கும், துரு அங்கேதான் தின்னும். கசிவைத் தேடும்போது விரலால் தடவவே கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது அறுவை சிகிச்சையில் முடியும் காயம். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

இந்த வண்டியில் குழாய்களும் நலம். எனவே ஷாக்கை மட்டும் மாற்றுகிறோம்.

வண்டியைத் தாழ்வில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டுகள் கொடுத்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். அழுத்தத்தைத் திறந்ததும் வண்டி சட்டென்று இறங்கும். அப்போது அடியில் தலை இருக்கக் கூடாது. எண்ணெயையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகான நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் புட்டிக்குள் விட்டு, கால் சுற்றுத் திறக்கிறேன். வருவது கறுத்த எண்ணெய், நடுநடுவே நுரை. நுரை என்றால் காற்று புகுந்திருக்கிறது. புது ஷாக்கை மாட்டியபின் ஐந்து நிப்பிள்களிலும் காற்று எடுக்க வேண்டும். அதுவரை தொட்டி வறண்டுவிடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். வறண்டால் பம்ப் காற்றைக் குடித்துவிடும். ஊற்றுவது ஏ.எச்.சி. எண்ணெய்தான். பிரேக் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊறி வீணாகும்.

பிறகு டார்ஷன் பார் போல்ட்டை இறுக்கி, அழுத்தத்தை முன்பு சொன்ன 6.9 மெகாபாஸ்கல் அளவுக்கு இறக்குகிறேன். பலர் விட்டுவிடுகிற வேலை இது. புது ஷாக் மறுபடி ஒழுகுவதற்கும் இதுவே காரணம்.

(காட்சி: இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய, துருவில் இற்றுப்போன குழாய்.)

கழற்றத்தான் வேண்டும் என்ற நிலையும் உண்டு. சாலையில் உப்புத் தூவும் குளிர்நாட்டில் ஓடி, குழாய்கள் முழுக்க இற்று, உருண்டைகளும் தீர்ந்துவிட்டால் நானே கழற்றச் சொல்வேன். ஆனால் நான்கு ஷாக்கை மட்டும் மாற்றினால் வண்டி உட்கார்ந்துவிடும். எண்ணெய் சுமந்த பங்கை இனி யார் சுமப்பது? ஏ.எச்.சி. இல்லாத மாடலின் பருமனான டார்ஷன் பாரும், பின்னால் வலுவான சுருள் ஸ்பிரிங்கும் சேர்த்தே போட வேண்டும். பம்புக்குப் போகும் மின் இணைப்பைத் துண்டித்து, முகப்பு விளக்கின் கோணத்தையும் சக்கர அலைன்மென்ட்டையும் சரிபார்க்க வேண்டும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு சிமிட்டிக்கொண்டுதான் இருக்கும்.

(காட்சி: தொட்டியில் ஒட்டிய காகித நாடா.)

நம் வண்டிக்கு வருவோம். இன்றைய எண்ணெய் மட்டத்தில் இந்த நாடாவை ஒட்டியிருக்கிறேன். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, இதே உயரத்தில் நிறுத்தி, மட்டம் நாடாவுக்குக் கீழே இறங்கியிருந்தால் வண்டியை மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.