பனிக்குச் சத்தம் கிடையாது

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

டிசம்பர் மாதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறேன். போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நானும் என் தோழியும் சேர்ந்து கழித்த நாள் அது. காலையில் கேக் போட்டோம், மத்தியானம் கடைக்குப் போனோம், சாயங்காலம் படம் பார்த்தோம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு நாளுக்காக அவள் பதினோரு வருஷம் காத்திருந்தாள்.

அவளும் நானும் நாகர்கோவிலில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவள் நர்ஸ் படித்துவிட்டு முதலில் வளைகுடாவுக்குப் போனாள், அப்புறம் கனடாவுக்கு. இப்போது இருப்பது வின்னிபெக் என்ற ஊரில். வீட்டுக்கு ஒரு நர்ஸை வெளிநாட்டுக்கு அனுப்பிய தெருக்கள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு, அதனால் கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு இது தெரிந்திருக்கும்: ஆஸ்பத்திரி வேலையில் இருப்பவர்களுக்குப் பண்டிகைக்கு லீவு கிடைப்பது பெரும்பாடு. அவள் வந்ததெல்லாம் கோடையில்தான். மாம்பழமும் பலாப்பழமும் தின்றுவிட்டுத் திரும்பிப் போவாள். டிசம்பர் மட்டும் அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

அங்கே டிசம்பர் என்றால் உறைபனி. நாம் வீட்டு முற்றத்தில் காலையில் பார்ப்பதும் பனிதான், அங்கே முழங்கால் உயரத்துக்குக் கிடப்பதும் பனிதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். மார்கழியையும் தையையும் நாம் முன்பனிக் காலம் என்கிறோம். நம் முன்பனியில் ஒரு சால்வை போதும். அவள் ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி சாதாரணம். ராத்திரி காரை நிறுத்தும்போது எஞ்சின் உறைந்து போகாமல் இருக்க அதற்கு ஒரு மின்சார வயர் சொருகி வைப்பார்களாம், நாம் செல்போனைச் சார்ஜில் போடுவதுபோல. கடைக்குப் போனால் குளிரில் இறங்காமலே ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, நகரத்தின் நடுவில் மூடிய மேல்நடைபாதைகள் இருக்கின்றன. லீவு நாளில் அவள் காலையில் அடுப்பைச் சூடேற்றிக் கேக் போடுவாள், கூட வேலை பார்க்கும் பெண்ணோடு அந்த நடைபாதைகளில் நடந்து சாமான் வாங்குவாள், ராத்திரி சோபாவில் உட்கார்ந்து படம் பார்ப்பாள். வெளியே பனி கொட்டிக்கொண்டே இருக்கும்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனா சத்தம் இருக்காதுட்டி" என்பாள்.

புதிதாக விழுந்த பனிக்குள் காற்று நிறைய அடைந்திருக்கும். அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், பஞ்சு மெத்தை மாதிரி. அதனால் பனி விழுந்த மறுநாள் தெருவே வாய் மூடிக் கிடக்கும் என்று சொன்னாள். பாத்திரம் கழுவும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்குமாம்.

அந்த அமைதி அவளைப் பயமுறுத்திய ஒரு வருஷம் உண்டு. 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட நாள். அவளுடைய அம்மா வீடு கடற்கரை ஊரில் இருக்கிறது. இங்கே மரங்கள் சாய்ந்து, கரண்டும் இல்லாமல், செல்போனும் எடுக்காமல் நாம் தவித்துக்கொண்டிருந்தபோது, அவள் அங்கே ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து நம்பரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். போனிலும் சத்தம் இல்லை, வெளியிலும் சத்தம் இல்லை. இரண்டாவது நாள் ராத்திரிதான் என் குரல் அவளுக்குக் கேட்டது. அவள் வீட்டார் பிழைத்திருந்தார்கள். அதே ஊரில் கடலுக்குப் போன சிலர் திரும்பவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் நட்சத்திரம் கட்டவில்லை, கேக்கும் போடவில்லை. அவளும் போடவில்லை.

சரி, போன டிசம்பருக்கு வருகிறேன்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே மழை. என் வீட்டுப் பின்கட்டு ஓடு போட்டது, மேலே ஒரு பகுதிக்குத் தகரம். மழை பெய்தால் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. அவள் வந்து குடையை மடக்கிச் சாய்த்துவிட்டு, அந்தத் தகரத்துக்குக் கீழே ஐந்து நிமிஷம் சும்மா நின்றாள். நான் கூப்பிட்டதும் காதில் விழவில்லை.

பழங்களை நவம்பர் தொடக்கத்திலேயே ஊறப் போட்டிருந்தேன். கறுப்புத் திராட்சை, பேரீச்சம்பழம், செர்ரி, ஆரஞ்சுத் தோல், எல்லாம் திராட்சை ஒயினில். முந்திரிப் பருப்பை மட்டும் அன்றைக்குத்தான் நறுக்கினோம். எங்கள் தெருவில் அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகும் ஒரு அக்கா வாங்கிக் கொடுத்த பருப்பு அது. நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டு அடுப்பு அந்த அண்டி ஆபீஸ் கூலியில் எரிகிறது! பருப்பின் தோட்டை உடைத்து உடைத்து, அதன் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன அந்த அக்காவின் விரல்களை நினைக்காமல் நான் முந்திரி நறுக்குவதில்லை.

கேக்கில் முக்கியமான வேலை வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிப்பது. வெண்ணெய் இளகியிருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. அப்போதுதான் சீனியின் முனைகள் அதில் சின்னச் சின்னக் காற்றறைகளை உண்டாக்கும். அந்தக் காற்றுதான் பிறகு சூட்டில் விரிந்து கேக்கைத் தூக்கும். நம் ஊர் ஏப்ரலில் வெண்ணெய் நெய்யாகிவிடும். வின்னிபெக்கிலோ வெளியே எடுத்து வைத்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டிசம்பர் மாதத்து நாகர்கோவில் காலைதான் வெண்ணெய்க்கு ஏற்ற காலை என்று நான் நிச்சயமாகச் சொல்வேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அதுதான் பதம்.

மாவில்தான் அவளுக்குக் கணக்கு தவறியது. அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்திருக்கும், மைதாவும் காய்ந்திருக்கும், பால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். நம் மழைக்கால மைதா ஈரத்தை ஏற்கெனவே குடித்து வைத்திருக்கிறது. அவள் கை பழக்கத்தில் பாலை ஊற்றப் போனது, நான் பிடித்துக்கொண்டேன். வெண்ணெய், சீனி, மைதா எல்லாம் கால் கிலோ, முட்டை ஐந்து. சீனியைத் தனியாகக் கரித்தோம். கரிக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது. தேன் நிறம் தாண்டி, பால் சேர்க்காத கட்டன் சாயா நிறம் வந்து, ஓரத்தில் நுரை கட்டிப் புகை ஒரு இழையாக எழும்பும்போது வெந்நீரை ஊற்ற வேண்டும். அரை நிமிஷம் பிந்தினால் கசப்பு.

ஓவனில் வைத்து முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும், கரண்ட் போய்விட்டது. மழைக்கால மத்தியானம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் ஓவன் கதவைத் திறக்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவள்தான், "அம்மா எப்படிட்டி போடுவாங்க?" என்று கேட்டாள்.

என் அம்மாவிடம் ஓவன் கிடையாது. அடி கனத்த அலுமினியப் பானையில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்று மணலைப் பரப்பி, அடுப்பில் ஏற்றிச் சூடாக்கி, கேக் பாத்திரத்தை அதில் இறக்கி மூடி, மூடியின் மேல் சிரட்டைக் கனலை அள்ளிப் போடுவார்கள். மேலும் கீழும் ஒரே சூடு. கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் தெருவே அந்தச் சிரட்டை மணத்தில் இருக்கும். மொட்டைமாடிப் படிக்கட்டுக்குக் கீழே பழைய பானை கிடந்தது. பக்கத்து வீட்டில் கட்டிட வேலைக்குக் கொட்டியிருந்த மணலைக் கேட்டு வாங்கி, கழுவி, கேஸ் அடுப்பில் வறுத்தோம். சிரட்டைக்கு நம் ஊரில் பஞ்சமா? தாழ்வாரத்தில் அவள் குனிந்து உட்கார்ந்து முறத்தால் வீசி வீசிக் கனல் எடுத்தாள். மைனஸ் இருபதில் வாழ்கிறவள், முகமெல்லாம் வேர்த்து ஊற்ற, சிரட்டை படபடவென்று வெடிக்க, தலைக்கு மேலே தகரத்தில் மழை. அந்த நேரத்து அவள் முகம் எனக்கு மறக்காது.

கேக் நடுவில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டது. ஓரம் ஒரு பக்கம் கறுத்தது. ஆனால் குச்சியைக் குத்திப் பார்த்தால் சுத்தமாக வந்தது, அது போதும். சூடு ஆறாமல் வெட்டக் கூடாது என்பதால் துணியால் மூடி வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினோம்.

செம்மாங்குடி ரோட்டில் ஆள் நடக்க இடமில்லை. கடை வாசல்களில் காகித நட்சத்திரங்கள் பாலித்தீன் உறைக்குள் நனையாமல் தொங்கின. குடிலுக்குப் பனியாகத் தூவுவதற்குப் பஞ்சு விற்றார்கள். ஒரு சின்னப் பெண் அதை அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா, பனி சூடா இருக்கு" என்றாள். என் தோழி அந்தப் பிள்ளையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவள் வாங்க நினைத்தது துணிமணி எதுவும் இல்லை, கிராம்பு. அதற்காகக் கோட்டாருக்குப் போனோம். நம் மாறாமலைப் பக்கத்துக் கிராம்புக்கு 2021இல் கன்னியாகுமரி கிராம்பு என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கிராம்பு ஒரு பூ மொட்டு, விரிவதற்கு முன்னால் பறித்து வெயிலில் காய வைப்பது. கடைக்காரர் ஒன்றை எடுத்து நகத்தால் காம்பை அழுத்திக் காட்டினார். "எண்ணெ கசியுது பாருங்க அக்கா. தலை உதிராம இருக்கணும். அதுதான் நல்ல கிராம்பு." அவள் கால் கிலோ வாங்கினாள். அங்கே கண்ணாடிக் குப்பியில் வருவது பாதிக்குத் தலையே இருக்காதாம். அப்புறம் முந்திரிக்கொத்து ஒரு கிலோ. வீட்டில் இடித்துச் செய்ய இந்த முறை எங்களுக்கு நேரம் இல்லை.

படத்துக்கு மலையாளமா தமிழா என்ற பேச்சு நம் ஊரில் மட்டும்தான் இவ்வளவு சாதாரணமாக நடக்கும். இரண்டும் நம்முடையதுதானே. தியேட்டரில் விளக்கு அணையும்போதெல்லாம் எனக்கு ஜே. சி. டேனியல் ஞாபகம் வரும். நிலத்தை விற்று மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனை எடுத்தவர், கடைசிக் காலத்தில் நம் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் கிடந்து 1975இல் இறந்தார். அவர் பெயரில் கேரள அரசு 1992இலிருந்து விருது கொடுக்கிறது. அந்தப் படத்தில் நடித்த பி. கே. ரோசி, தலித் பெண், நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்ததற்காக விரட்டப்பட்டார். இந்த இரண்டு பேரையும் நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் அதிகம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நாங்கள் பார்த்த படத்தில் ஒரு பாட்டு பனிமலையில். கதாநாயகன் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருக்கிறான், கதாநாயகி மெல்லிய சேலையில் நிற்கிறாள். சின்ன வயதில் இப்படி எத்தனை பாட்டை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். தோழி என் கையை இறுகப் பிடித்தாள். "அந்தப் புள்ளைக்கு விரல் மரத்துப் போயிருக்கும்டி. ஷாட் முடிஞ்சதும் யாராவது ஒரு கம்பளி கொடுத்திருப்பாங்களா?" என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் பனி தெரியவில்லை, அந்தப் பெண்ணின் வெறும் தோள்தான் தெரிந்தது.

ராத்திரி வீட்டுக்கு வந்து கேக்கை வெட்டினோம். கனல் மணம் லேசாக ஏறியிருந்தது. அவள் முதல் துண்டை வாயில் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் படம் இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி முதல் வாரம் அவள் திரும்பிப் போனாள். போன நாலாம் நாள் காலையில், இங்கே ஆறு மணி, அங்கே முந்தின நாள் சாயங்காலம் ஆறரை, போன் வந்தது. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே மாறாமலைக் கிராம்பு போட்ட கேக் வேகிறது என்றாள். "பனிச் சத்தத்தைக் கேளு" என்று போனை ஜன்னலோரம் கொண்டு போனாள். நான் காதை அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டேன். ஒன்றுமே இல்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை.

"இப்ப நீ வைட்டி" என்றாள்.

ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினேன். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. பால்காரர் சைக்கிள் மணி. தூரத்தில் சர்ச் மணி. மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் திருப்பத்தில் வந்து, "சாளை, சாளை" என்று கூவினார்.

கையை உள்ளே எடுக்காதே என்று அவள் சொல்வது, அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது.

நன்றி, வணக்கம்.