சி ஸ்டாண்டர்டுல சாக்கெட்டே கிடையாது, தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி வரைக்கும் கேக்குதா? சரி.

ஸ்க்ரீன்ல இருக்குற ப்ரோகிராம பாருங்க, சாதாரண டிசிபி கிளையண்ட்தான், கெட்-ஆட்ர்-இன்ஃபோ கூப்பிட்டு அட்ரஸ் வாங்குது, சாக்கெட், அதாவது நெட்வொர்க்ல பேசுறதுக்கான வாசல், தொறக்குது, கனெக்ட் ஆகுது, ஒரு வரி அனுப்புது. லினக்ஸ்ல ஜிசிசி கம்பைலர் கிட்ட ஒண்ணும் சொல்லாம குடுத்தா அழகா கம்பைல் ஆகும். இப்ப அதே ஃபைலுக்கு எஸ்டிடி ஈக்குவல் சி11னு, அதாவது 2011 சி ஸ்டாண்டர்டுபடி மட்டும் பாருன்னு, ஒரே ஒரு ஆப்ஷன் சேக்குறேன். பாத்தீங்களா, ஹின்ட்ஸ்ங்குற வேரியபிளோட சைஸே தெரியலைங்குது! ஹெடர் எல்லாம் இன்க்ளூட் பண்ணியாச்சு, ஸ்பெல்லிங்கும் சரியாதான் இருக்கு.

விஷயம் என்னன்னா, சி11னு கறாரா கேட்டா ஜிலிப்சி, அதாவது லினக்ஸோட சி லைப்ரரி, நெட்டிபி ஹெடர்ல இருக்குற அந்த ஸ்ட்ரக்சர மறைச்சிடும், ஏன்னா அது சி மொழியோட சொத்து இல்ல, யூனிக்ஸ் மாதிரி சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் ஸ்டாண்டர்டோட சொத்து. ஆப்ஷன் எதுவும் குடுக்கலைன்னா க்னூ எக்ஸ்டென்ஷன் சேந்த சிதான் ஓடும், அதுல எல்லாம் தெறந்து கெடக்கும், அதனாலதான் நம்மள்ல பாதிப் பேருக்கு இந்த வித்தியாசமே கண்ணுல படாது. மொத இன்க்ளூடுக்கு முன்னாடி போசிக்ஸ் சி சோர்ஸ் மேக்ரோவுக்கு 200112எல்னு வேல்யூ குடுத்துட்டா சரியாயிடும். அந்த நம்பர் வேற ஒண்ணும் இல்ல, போசிக்ஸ் எடிஷனோட தேதி, 2001 டிசம்பர்.

அப்ப சி ஸ்டாண்டர்டுல நெட்வொர்க்குக்கு என்னதான் இருக்கு? ஒண்ணும் இல்ல. 89ல வந்தது, 99, 11, 17, 23, எதப் பொரட்டினாலும் சாக்கெட்ங்குற பேச்சே இருக்காது. என்ன எரர்னு நம்பர் வைக்கிற எரர்னோவுக்கு ஸ்டாண்டர்டு பேர் வச்சிருக்கிறது மூணே மூணு எரருக்குத்தான், ஈடாம், ஈரேஞ்ச், ஈஇல்செக். கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு எல்லாம் அதுல கெடையாது. ஓடுற ப்ரோகிராமுக்கு வர்ற சிக்னல் ஆறு இருக்கு, ஆனா எதிர்ப்பக்கம் மூடிட்டுப் போன சாக்கெட்ல எழுதினா நம்ம ப்ரோகிராமையே கொல்லுற சிக்பைப் அந்த ஆறுல இல்ல. ஒரு டைரக்டரில என்னென்ன ஃபைல் இருக்குன்னு பாக்கக்கூட ஸ்டாண்டர்டு சில வழி இல்ல, சாக்கெட்டுக்கு எங்க போறது.

1983ல பெர்க்லில 4.2 பிஎஸ்டிங்குற யூனிக்ஸ் வந்துச்சு, சாக்கெட் ஏபிஐ அதோடதான் பரவுச்சு. அதே 1983லதான் சிக்கு ஸ்டாண்டர்டு எழுத அமெரிக்க ஸ்டாண்டர்டு அமைப்பான அன்ஸியோட கமிட்டியும் உக்காந்துச்சு. பெர்க்லி ஆளுங்க இந்த ஏபிஐய எழுதுனப்போ எந்த டைப்பையும் காட்டக்கூடிய வாய்ட் பாயிண்டர்னு ஒண்ணு அவங்க கைல இல்ல. ஐபி அட்ரஸ், யூனிக்ஸ் அட்ரஸ் எல்லாத்தையும் ஒரே ஃபங்ஷனுக்கு அனுப்பணும், அதுக்காக சாக்-ஆட்ர்னு ஒரு பொதுவான ஸ்ட்ரக்சர் வச்சு, எது வந்தாலும் அந்த டைப்பா காட்டி, அதாவது காஸ்ட் பண்ணி, அனுப்புன்னு விட்டாங்க. அன்னைக்கு அது புத்திசாலித்தனமான வேலைதான், நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

வில்லங்கம் அப்புறம்தான் வந்துச்சு. ஒரு டைப்பா எழுதி வச்ச மெமரிய சம்பந்தமே இல்லாத இன்னொரு டைப்பா படிக்காதேன்னு சி ஸ்டாண்டர்டுல ரூல், மீறினா அன்டிஃபைன்டு பிஹேவியர், என்ன வேணா நடக்கலாம். கம்பைலர் அத நம்பித்தான் ஆப்டிமைஸ் பண்ணுது. லினக்ஸ்ல சாக்-ஆட்ர் 16 பைட், ஐபிவி6 அட்ரஸ் ஸ்ட்ரக்சர் 28 பைட், அதுக்குள்ள அடங்காது, அதனால 128 பைட்ல சாக்-ஆட்ர்-ஸ்டோரேஜ்னு ஒண்ணு குடுத்தாங்க. வர்ற கனெக்ஷன அக்செப்ட் பண்ணி அட்ரஸ அதுல வாங்கிட்டு, ஃபேமிலி, அதாவது எந்த வகை அட்ரஸ்னு பாத்துட்டு, ஐபிவி6னா அந்த ஸ்ட்ரக்சருக்கு காஸ்ட் பண்ணிப் படிக்கிறோம், எல்லா டுடோரியலும் இதத்தான் சொல்லுது, போசிக்ஸே இப்படித்தான் பண்ணச் சொல்லுது. ஹவுஸ் ஓனர் வண்டிய உள்ள நிறுத்துங்கிறாரு, அசோசியேஷன் உள்ள நிறுத்துனா ஃபைன்ங்குது, அந்தக் கதைதான். 2024 போசிக்ஸ் எடிஷன்லதான் இதுக்கு ஒரு வழி பண்ணாங்க: அந்த ஃபேமிலி ஃபீல்ட எந்த ஸ்ட்ரக்சர் வழியா படிச்சாலும் கம்பைலர் ஒத்துக்கணும், ஐஎஸ்ஓ சி, அதாவது சி ஸ்டாண்டர்டு, என்ன சொன்னாலும் சரின்னு எழுதியே வச்சிட்டாங்க. நாப்பது வருஷம் ஆச்சு இதுக்கு. இதத்தான் நான் அலட்சியம்னு சொல்லுவேன். சந்தேகமா இருந்தா மெம்-காப்பி பண்ணி சரியான ஸ்ட்ரக்சருக்கு மாத்திக்குங்க, அதுல எந்த ரூலும் உடையாது.

அட்ரஸோட நீளத்துக்கு வச்ச டைப், சாக்லென்-டி, அது கதையும் இப்படித்தான். அக்செப்டோட மூணாவது ஆர்க்யுமெண்ட் பிஎஸ்டில இன்ட் பாயிண்டர். போசிக்ஸ் டிராஃப்ட்ல சைஸ்-டின்னு மாத்தப் பாத்தாங்க, 64 பிட் மெஷின்ல இன்ட் 4 பைட், சைஸ்-டி 8 பைட், போறது பாயிண்டர்ங்கிறதால பழைய பைனரி எல்லாம் நாறிப்போகும். லினக்ஸ உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸ் உட்பட பல பேரு சண்டைக்கு வந்தாங்க, கடைசில புதுசா ஒரு பேரு வச்சு சமாதானம்.

விண்டோஸ்ல எழுதுறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க. அங்க மொதல்ல டபிள்யூஎஸ்ஏ-ஸ்டார்ட்அப், மூட க்ளோஸ்-சாக்கெட், எரருக்கு எரர்னோ இல்ல, அது சரி, தேடினா கெடைக்கும். ஆனா அங்க சாக்கெட் டைப் அன்சைன்டு, மைனஸ் நம்பரே வராது. லினக்ஸ்ல இருந்து காப்பி பண்ணிட்டு வந்த "ஜீரோவ விடக் கம்மியா"ங்குற செக் ஒருநாளும் உண்மையாகாது, சாக்கெட் ஃபெயில் ஆனாலும் ப்ரோகிராம் ஜாலியா மேல போகும். இன்வாலிட்-சாக்கெட் கூடத்தான் ஒப்பிடணும்.

அப்ப சாக்கெட்ட சி ஸ்டாண்டர்டுல சேத்துடலாமே சார்னு கேப்பீங்க. வேண்டாங்கிறது என் கட்சி. ஆப்பரேட்டிங் சிஸ்டமே இல்லாத சின்ன சிப்லயும் சி ஓடணும், அங்க நெட்வொர்க்குக்கு எங்க போறது? த்ரெட்ஸ சி11ல சேத்தாங்க, அதுவும் விருப்பப்பட்டா குடு இல்லைன்னா விட்டுடுன்னுதான் சேத்தாங்க, ஜிலிப்சில அது வந்து சேந்தது 2018ல, அதுக்குள்ள எல்லாரும் போசிக்ஸோட பித்ரெட்லயே குடும்பம் நடத்திட்டாங்க. சி++காரங்க ஏசியோ லைப்ரரிய வச்சு நெட்வொர்க்கிங்னு தனியா ஒரு டிஎஸ்ஸே, அதாவது டெக்னிக்கல் ஸ்பெசிஃபிகேஷனே, 2018ல வெளியிட்டாங்க, சி++23லயும் அது உள்ள வரல.

அடுத்து ரெசீவ் லூப்ப பாக்கணும், அது லஞ்சுக்கு அப்புறம். இப்ப கேள்வி இருந்தா கேளுங்க, அந்த மைக்க அப்படியே பின் வரிசைக்குக் குடுங்க.