அமைச்சகத்து வாசலில் மாணவர்கள்

பேராசிரியப் பெருமக்களே, எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கத்து மாணவ மாணவியரே, வணக்கம்.

1995 ஜூலை 24 அன்று டோக்கியோவில், ஜப்பானிய சுகாதார நல அமைச்சகக் கட்டடத்தைச் சுற்றி ஏறத்தாழ 3,500 பேர் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். அவர்களில் உங்கள் வயதுடைய மாணவர்கள் ஏராளம். இழப்பீட்டுக்கும் முன்னதாக அவர்கள் கேட்டது ஒன்றுதான்: மன்னிப்பு.

எதற்கான மன்னிப்பு என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரத்தம் எளிதில் உறையாத பிறவிக் குறைபாடான ஹீமோபிலியா உள்ள பிள்ளை முழங்காலை இலேசாக இடித்துக்கொண்டாலும் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து வீங்கிவிடும். வலியில் இரவெல்லாம் தூக்கம் இராது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு, இரத்தத்தை உறையவைக்கும் உறைகாரணி மருந்து வரமாகவே வந்து சேர்ந்தது. சிறு கண்ணாடிக் குப்பியில் வெண்பொடி. அதில் ஊசிநீர் விட்டு, நுரைக்காதபடி உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கரைத்து, வீட்டிலேயே இரத்தக் குழாயில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொடி ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து செய்யப்பட்டது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவில் பணம் கொடுத்துப் பெறப்பட்டது. கொடுத்தவர்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் போதும், அந்தத் தொகுதி முழுவதும் நஞ்சாகிவிடும். கிருமி அழியும்படி வெப்பமூட்டிப் பதப்படுத்திய மருந்துக்கு அமெரிக்கா 1983-லேயே அனுமதி வழங்கியிருக்க, ஜப்பான் 1985 ஜூலையில்தான் வழங்கியது. அதற்குள் அந்நாட்டின் ஹீமோபிலியா நோயாளிகளில் பத்துக்கு நான்கு பேரளவில் தொற்று பரவிவிட்டது.

1989-இல் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் அரசின் மீதும் மருந்து நிறுவனங்களின் மீதும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. வழக்குத் தொடுத்தவர்களுக்கோ ஊராரின் அச்சமும் ஒதுக்கலும் நோயைவிடக் கொடுமையாக இருந்தன. ஆகவே நீதிமன்றத்தில் அவர்கள் பெயரால் அன்றி எண்களால் குறிக்கப்பட்டார்கள். 1995 மார்ச்சில், வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவரான 19 வயது ரியூஹெய் கவாடா தம் பெயரையும் முகத்தையும் வெளிப்படுத்திய பிறகுதான், அதுவரை எண்ணாக இருந்த வழக்கு மாணவர்களுக்குத் தம் வயதுத் தோழன் ஒருவனின் வழக்காயிற்று. கூட்டம் போட்டார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள், அமைச்சகத்து வாசலுக்கு வந்து நின்றார்கள்.

வழக்கை வென்றுகொடுத்தவர்கள் மாணவர்களே என்று மேடைக்காகச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் அதைச் சுமந்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும். முடிவைக் காணாமலே இறந்தவர்கள் பலர். மாணவர்கள் செய்தது வேறு. பெயரைச் சொன்னால் தனித்துவிடப்படுவோம் என்றிருந்த நாட்டில், பெயரைச் சொன்னவனுக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்க முடியும் என்று காட்டினார்கள். என் கணக்கில் அது சிறிய உதவியன்று.

1996-இன் தொடக்கத்தில், இந்த மருந்து விவகாரம் பற்றி இல்லை என்று சொல்லப்பட்டுவந்த கோப்புகள் அமைச்சகத்துக்குள்ளேயே கிடைத்தன. பிப்ரவரிக் குளிரில் பாதிக்கப்பட்டோர் மூன்று நாள் அமைச்சகத்தின் முன் அமர்ந்திருக்க, 16-ஆம் நாள் அமைச்சர் நவோட்டோ கான் அவர்களைச் சந்தித்துத் தலைதாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம், அந்த உறைகாரணி மருந்தை விற்ற கிரீன் கிராஸ் நிறுவனத்தின் தலைவர்கள் தரையில் மண்டியிட்டு நெற்றி நிலத்தில் படப் பணிந்தார்கள். மார்ச் 29-இல் ஒருவருக்கு 4.5 கோடி யென் என்று சமரசம் ஏற்பட்டது.

ஜப்பானில் வாக்குச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளரின் பெயரைத் தம் கையாலேயே எழுத வேண்டும். 2007-இல் நாடாளுமன்ற மேலவைக்கு டோக்கியோவில் சுயேச்சையாக நின்ற கவாடாவின் பெயரை அவ்வாறு எழுதியவர்கள் 6,80,000-க்கும் மேற்பட்டோர்.