செலே ஆற்றங்கரையில் ஹீராவைத் தேடியவர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச வந்திருப்பது பாவோலா சன்கானி மோன்துவோரோ என்ற இத்தாலியத் தொல்லியலாளரைப் பற்றி. 1901இல் நேப்பிள்ஸ் நகரில் பிறந்து 1987இல் மறைந்தவர். தொல்லியல் படித்தவர்களைத் தவிர வெளியில் அதிகம் பேர் அறியாத பெயர். அது எனக்கு நெடுநாள் வருத்தம். இருபதாம் நூற்றாண்டு இத்தாலியின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று இவருடைய கையால் நடந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தென் இத்தாலியின் கடலோரத்தில் கி.மு. 8ஆம் நூற்றாண்டு தொடங்கி கிரேக்கர்கள் வந்து குடியேறினார்கள். நேப்பிள்ஸுக்குத் தெற்கே அவர்கள் அமைத்த நகரங்களில் ஒன்று போசிடோனியா. ரோமானியர்கள் அதைப் பெஸ்தும் என்று அழைத்தார்கள். அங்கே மூன்று கிரேக்கக் கோயில்கள் இன்றும் தூண்களோடு நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் பழைய நூல்கள் நான்காவது ஒன்றையும் சொல்கின்றன. நகருக்கு வெளியே, செலே ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே, ஹீரா தேவிக்கு ஒரு பெருங்கோயில் இருந்ததாம். பொற்கம்பளி தேடிக் கப்பலேறிய ஜேசன் எழுப்பிய கோயில் என்பது ஐதீகம். போசிடோனியாவிலிருந்து ஐம்பது ஸ்டேடியம் தொலைவு என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்தார். நம் கணக்கில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்.

சிக்கல் என்னவென்றால், ஸ்ட்ராபோ கோயிலை ஆற்றின் தென்கரையில் வைக்கிறார்; பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினியோ வடகரையில் வைக்கிறார். இருவரும் சாதாரணப் பேர்வழிகள் அல்லர். யாரை நம்புவது? ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடற்கரையும் இடம் மாறியிருந்தது. நிலத்தின் மேல் ஒரு தூண்கூட மிச்சமில்லை. அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடினார்களே தவிர, கோயில் கிடைக்கவில்லை.

அந்தச் சமவெளியில் இறங்கித் தேடுவதும் எளிதல்ல. சதுப்பு நிலம், முட்புதர், மேயும் எருமைகள், எல்லாவற்றுக்கும் மேலாக மலேரியா. 1930களில்தான் அங்கே நீரை வடித்து நிலத்தைச் சீர்படுத்தும் வேலைகள் மும்முரமாக நடந்தன. இன்று அதே எருமைகளின் பாலிலிருந்து வரும் பாலாடைக்கட்டியை உலகமே விரும்பி உண்கிறது. அன்று அது காய்ச்சலுக்குப் பேர்போன பூமி.

அங்கேதான் 1934 ஏப்ரலில் பாவோலா போய் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. உடன் வந்தவர் உம்பர்ட்டோ சனோட்டி பியான்கோ. இவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1908இல் தென் இத்தாலிய நகரங்களான மெசினாவையும் ரெஜ்ஜோவையும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது நிவாரணப் பணிக்கு ஓடிய இளைஞர் அவர். பிறகு தெற்கின் ஏழைக் கிராமங்களில் பள்ளிகள் அமைக்கப் பாடுபட்டார். பாசிசத்தை வெளிப்படையாக எதிர்த்தார். முசோலினி அரசு அவருடைய சமூகப் பணிக்கு முட்டுக்கட்டை போட்டது. போலீஸ் நிழல்போலத் தொடர்ந்தது. தொல்லியலைத் துணையாகப் பற்றிக்கொண்ட அவர், 1920லேயே ஒரு சங்கம் அமைத்து, தென் இத்தாலியின் கிரேக்கத் தொல்லிடங்களை ஆராய நன்கொடை திரட்டி வந்தார். ரோமாபுரியின் பெருமையைப் பறைசாற்றும் அகழாய்வுகளுக்கு அரசு தாராளமாகச் செலவழித்த காலம் அது. கிரேக்கரின் கோயிலைத் தேடும் இந்த இருவருக்கும் அப்படிப்பட்ட வசதி இல்லை. அரசின் சந்தேகப் பட்டியலில் உள்ள ஒருவரோடு சேர்ந்து வேலை செய்ய ஓர் இளம்பெண் முன்வந்தார் என்பதையே நான் பெரிய துணிச்சலாக மதிக்கிறேன்.

ஸ்ட்ராபோ சொன்னதே சரியாயிற்று. தென்கரையில், இன்றைய கடலிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, கோயிலின் எச்சங்கள் வெளிப்பட்டன. இருவரும் இரண்டாம் உலகப் போர் மூளும்வரை ஆண்டுதோறும் தோண்டினார்கள். வெளிவந்தவை இத்தாலி அதுவரை கண்டிராத புதையல். கிரேக்கக் கோயிலில் தூண்களுக்கு மேலே, கூரைக்குக் கீழே, வரிசையாகப் பதிக்கப்படும் மெட்டோப் என்னும் சிற்பப் பலகைகள் பதின்கணக்கில் கிடைத்தன. மணற்கல்லில் செதுக்கியவை. மூத்த வரிசை கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதில் மட்டும் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பலகைகள். இளைய வரிசை அந்த நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. அதில் பெண்கள் இருவர் இருவராக ஓடுகிறார்கள். ஒருத்தி திரும்பிப் பார்க்கிறாள். ஆடையின் மடிப்பெல்லாம் ஓட்டத்தோடு அலைகிறது.

ஆனாலும் என் மனம் மூத்த வரிசையில்தான் நிற்கிறது. அதில் ஒரு பலகையை மட்டும் சொல்கிறேன். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீஸின் ஆயுதங்களைத் திருட வந்த செர்கோப்கள் என்ற குறும்புக்காரச் சகோதரர்கள் பிடிபட்டுவிட்டார்கள். அவர்களைத் தலைகீழாகக் கட்டி, காவடித் தண்டின் இரு முனையிலும் சுமை தொங்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான் வீரன். இருவருடைய சடைகளும் தரையை நோக்கிச் சரிந்து தொங்குகின்றன. தலைகீழாகத் தொங்குபவனின் முடி எப்படி விழும் என்று அந்தச் சிற்பி நின்று யோசித்திருக்கிறான். கதைப்படி, தொங்கிக்கொண்டே அவர்கள் ஹெராக்ளீஸின் கறுத்த பின்புறத்தைப் பார்த்துக் கேலி பேசுவார்கள். அவனும் சிரித்துவிட்டு விடுவித்துவிடுவான். இன்னொரு பலகையில் பாறையைத் தள்ளும் சிசிஃபஸின் முதுகில் சிறகு முளைத்த ஒரு பூதம் தொற்றிக்கொண்டிருக்கிறது. வேறொன்றில் ஒருவன் ஆமைமேல் ஏறிப் போகிறான். அவன் யார் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சில பலகைகளில் உருவத்தின் புறக்கோடு மட்டும் வெட்டி, உள்வேலை செய்யாமலே விட்டிருக்கிறார்கள்.

உடைந்து கிடந்த கற்களைப் பொருத்தி, எந்தக் கதை எதற்கு அடுத்தது என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொரு உருவத்தையும் அடையாளம் காண்பது தோண்டுவதைவிடக் கடினமான வேலை. நடுவில் போர் வந்தது. 1941இல் சனோட்டி பியான்கோ கைதானார். போர் முடிந்த பிறகு, 1951இலும் 1954இலும் இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுத் தொகுதிகள் வெளிவந்தன. 1952இல் பெஸ்தும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தச் சிற்பங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அதைக் கட்டியதன் முக்கிய நோக்கம்.

மூத்த வரிசைப் பலகைகள் காணிக்கைப் பொருள்களை வைக்கும் ஒரு சிறு கருவூலக் கட்டடத்தைச் சேர்ந்தவை என்று பாவோலா முடிவு செய்தார். 1980களின் இறுதியில் தொடங்கிய புதிய அகழாய்வு இதை மறுத்தது. அவர் கருவூலம் என்று கருதிய அடித்தளம் மிகவும் பிந்திய காலத்தது என்று தெரிந்தது. இதை அவருக்குக் குறையாக நான் எண்ணவில்லை. எந்தக் கல் எங்கே கிடந்தது என்பதை அவர்கள் பதிவு செய்து வைத்திருந்ததால்தான், பின்வந்தவர்களால் அந்த முடிவைச் சோதிக்கவே முடிந்தது.

அறுபது வயதைத் தாண்டிய பிறகும் அவர் ஓயவில்லை. 1963இல் தென் இத்தாலியின் கலாப்ரியா பகுதியில், ஃபிரான்கவில்லா மரித்திமா என்ற ஊரருகே அகழாய்வைத் தொடங்கினார். செல்வச் செழிப்புக்குப் பழமொழியாகவே ஆகிவிட்ட சிபாரிஸ் நகரம் இருந்த சமவெளிக்கு மேலே உள்ள குன்றுப் பகுதி அது. கி.மு. 510இல் எதிரிகள் அந்த நகரை அழித்து, அதன்மேல் ஆற்றையே திருப்பிவிட்டதாகச் சொல்வார்கள். கிரேக்கர் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த மக்களின் ஈமக்காட்டைப் பாவோலா தோண்டினார். குன்றின் மேலிருந்த அதீனா தேவியின் கோயிலில் நெதர்லாந்து அறிஞர் மரியா ஸ்டூப் பணியாற்றினார். அந்தக் குன்றில் ஒரு வெண்கலத் தகடு கிடைத்தது. ஒலிம்பியா விளையாட்டுப் போட்டியில் வென்ற கிளியோம்ப்ரோடோஸ் என்ற வீரன், தன் உயரமும் பருமனும் கொண்ட ஓர் உருவத்தை, பரிசில் பத்தில் ஒரு பங்கென நேர்ந்துகொண்டபடி அதீனாவுக்குப் படைத்ததாக அதில் எழுதியிருக்கிறது.

அங்கே அகழாய்வு நின்ற பின் நடந்தது நெஞ்சைப் புண்ணாக்கும் கதை. 1970களில் திருடர்கள் அந்தக் குன்றைச் சூறையாடினார்கள். பானைகள், சுடுமண் உருவங்கள், வெண்கலப் பொருள்கள் எல்லாம் சுவிட்சர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தன. பெரும்பகுதி பல ஆண்டுகள் கழித்து இத்தாலிக்குத் திரும்பியது. ஆனால் எந்தப் பானை எந்த மண்ணடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பது திரும்பவில்லை. இனி யாராலும் அதைத் தர முடியாது. பாவோலா தோண்டிய கல்லறைகளுக்கு அந்த விவரம் இருக்கிறது. கொள்ளை போனவற்றைப் புரிந்துகொள்ள இன்றைய ஆய்வாளர்களுக்கு உதவுவது அப்படிப்பட்ட பதிவுகள்தான்.

நேயர்களில் யாருக்கேனும் நேப்பிள்ஸ் போகும் வாய்ப்புக் கிடைத்தால், அங்கிருந்து ரயிலிலேயே பெஸ்தும் போகலாம். வருகிறவர்களில் பலர் மூன்று கோயில்களின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அருங்காட்சியகத்துக்குள்ளும் போங்கள். செலே ஆற்றங்கரைச் சிற்பங்கள் எங்கே என்று கேளுங்கள். அந்தச் சகோதரர்களின் தொங்கும் சடையைப் பார்க்கத் தவறாதீர்கள்.

நன்றி, வணக்கம்.