சபை பாடுகிறதா, கேட்கிறதா?

அன்பான சகோதர சகோதரிகளே,

ஆராதனையில் தாழ்மை என்று பேச்செடுத்தாலே, மேடையில் நிற்பவரின் உள்ளத்தை ஆராயத் தொடங்கிவிடுகிறோம். உள்ளத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். நமக்குக் காது போதும். பாடல் நடக்கும்போது கடைசி பெஞ்சுக்குப் போய் நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் பாடுவது கேட்கிறதா? கேட்கவில்லையென்றால் அங்கே நடப்பது கச்சேரிதான். பவுலும் 1 கொரிந்தியர் 14:16-இல் இதைத்தான் கேட்கிறார்: நீ ஸ்தோத்திரம் பண்ணும்போது, புரியாமல் நிற்கிறவன் எப்படி ஆமென் சொல்லுவான்?

கோளாறு பெரும்பாலும் சுருதியிலேயே தொடங்குகிறது. உச்சக் குரல் உள்ள பாடகர் பதிவில் பாடிய ஸ்கேலையே நாமும் எடுத்துக்கொள்கிறோம். பயிற்சியில்லாத குரல்கள் சேர்ந்து பாட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை) தான் வசதி; மேல் டி (D) ஸ்வரத்தைத் தாண்டினால் திணறும். பாட்டின் உச்ச ஸ்வரம் எஃப் (F) என்றால், கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸை மூன்று படி (மூன்று அரைஸ்வரம்) இறக்குங்கள். டி-யில் வந்து நிற்கும். இறக்காவிட்டால் சரணத்தின் உச்சியில் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொள்வார்கள். அந்த இடத்தில் நடத்துபவரின் குரல் மட்டும் தனியே எழும்பும். அதைக் கேட்டு சபை எழுப்புதல் அடைந்ததாக நினைப்பது பெரிய ஏமாற்றம்.

அடுத்தது சங்கதி, அதாவது ஒரே வரியை மெட்டில் வளைத்து நெளித்து அழகுபடுத்திப் பாடுவது. வரிக்கு வரி சங்கதி போட்டால், அடுத்த ஸ்வரம் எங்கே போகும் என்று சபைக்குத் தெரியாது. பாடுவதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பிக்கும். பல்லவியை எப்போதும் ஒரே மாதிரி, நேராகப் பாடுங்கள். மற்றவர்களுக்கு மேலாகத் தன் குரல் கேட்கும்படி கத்தாமல் அடக்கமாகப் பாட வேண்டும் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761-இலேயே சபையாருக்கு எழுதினார். மைக் இல்லாத காலத்துக்கே அந்த அறிவுரை தேவைப்பட்டிருக்கிறது!

காதில் இயர் மானிட்டர் (மேடை ஒலியைக் காதுக்குள் தரும் கருவி) மாட்டியவருக்குச் சபையின் சத்தமே எட்டாது. ஜனங்கள் நின்றுவிட்டது தெரியாமல் அவர் இன்னும் நான்கு முறை பல்லவிக்குத் திரும்புவார். ஒரு காதில் மட்டும் அதைக் கழற்றுவது தீர்வல்ல; மறு காதில் சத்தத்தைக் கூட்டத் தோன்றும், செவி கெடும். சபையை நோக்கி ஒரு மைக் வைத்து, அந்த ஒலியை மானிட்டரில் கலந்து கொடுங்கள். கடைசிச் சரணத்தில் டிரம்ஸை நிறுத்திவிட்டு, நடத்துபவர் மைக்கை விட்டு ஓரடி விலகட்டும்.

இதைக் கேட்டு, பயிற்சி இல்லாமல் வருவதுதான் தாழ்மை என்று யாரும் எண்ண வேண்டாம். 1 நாளாகமம் 25:7-இல் கர்த்தரைப் பாடக் கற்றுத் தேறினவர்கள் 288 பேர். சரியாகப் பழகாமல் வந்தால் ஒவ்வொரு தடுமாற்றமும் கவனத்தை மேடைக்கு இழுக்கும். “எனக்குப் பாட வராது, கர்த்தர் பயன்படுத்துகிறார்” என்ற முன்னுரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதைச் சொல்லாமல் நேராகப் பாடலைத் தொடங்குங்கள்.

பொது ஜெபமும் அப்படித்தான். ஜெபத்துக்குள் பிரசங்கமோ அறிவிப்போ நுழைந்துவிட்டால், பேச்சு தேவனை விட்டு ஜனங்களிடம் திரும்பிவிட்டது. வேண்டுதல்களை முன்பே தாளில் எழுதி வையுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் முடியும்.

தனிப்பாடல் வேண்டுமானால் வைக்கலாம். பாடுபவரின் பெயரை அறிவிக்காமல், பாட்டு முடிந்த கையோடு வேதவாசிப்பைத் தொடங்கிவிடுங்கள். கைதட்டலுக்கு அங்கே இடைவெளியே இருக்காது.