படத்தில கேக்கிற காலடி நடிகர்ட காலடி இல்லை! | வன்னியில கிடைக்கிற சாமானாலயே சினிமாச் சத்தம் செய்யிறது எப்பிடி?

[கறுப்புத் திரை. சத்தம் மட்டும்: கிரவல் ஒழுங்கையில ஆரோ நடந்து வாறார். நிக்கிறார். படலை திறபடுது.]

இப்ப உங்கட மனசில ஒரு ஒழுங்கை வந்திருக்கும். ஒரு ஆளும் வந்திருப்பார். ஆனா அப்பிடி ஒரு ஒழுங்கையும் இல்லை, ஆளும் இல்லை. சீமெந்து நிலத்து அறையொண்டில, பலகைத் தட்டுக்குள்ள கொட்டின கிரவலுக்கு மேல, ஒரே இடத்தில நிண்டு கால் மாத்தினதுதான் நீங்கள் கேட்டது. படலை எண்டு நினைச்சது பழைய யன்னல் பிணைச்சல்.

வணக்கம் உறவுகளே. காலடி, சீலை சரசரக்கிறது, தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைக்கிறது, கன்னத்தில அடி விழுகிறது. ஒரு படத்தில இந்தச் சத்தங்களில பெரும்பங்கு படப்பிடிப்பில பதிஞ்சது இல்லை. எடிட்டிங் முடிஞ்ச பிறகு, இருட்டறைக்குள்ள திரையைப் பாத்துப் பாத்து ஒரு ஆள் கையாலயும் காலாலயும் செய்தது. இந்த வேலை செய்யிற ஆக்களை ஃபோலி கலைஞர் எண்டு சொல்லுவினம். முப்பது நாப்பது வருசம் இதிலயே நிண்டு, கதாநாயகிக்கும் வில்லனுக்கும் கிழவிக்கும் குழந்தைக்கும் மாறி மாறி நடந்து குடுத்த ஆக்கள் இருக்கினம். அவையின்ர பேர் ஓடுற நேரம் நாங்கள் எழும்பி வெளியில போயிடுவம். இனி எழும்பாதேங்கோ. இருந்து வாசியுங்கோ.

வரலாற்றை ஓடி முடிப்பம். 1920களின்ர கடைசி. பேசாப்படம் பேசும் படமா மாறுற நேரம். அமெரிக்காவில யூனிவர்சல் ஸ்ரூடியோவில ஜாக் ஃபோலி எண்ட ஒருத்தர், படம் ஓட ஓட அதுக்கு முன்னால நிண்டு சத்தங்களை நேரடியாச் செய்து பதிய வைச்சார். அவற்ற பேர்தான் இந்த வேலைக்கு நிலைச்சுது. அவர் வேலை செய்த கனக்கப் படத்தில அவற்ற பேரே போடேல்லை. வரலாறு இவ்வளவும் காணும்.

[திரையில்: பூம் மைக் பிடிச்சிருக்கிற ஒருத்தர்]

படப்பிடிப்பில மைக் இருக்குத்தானே, பிறகேன் இந்தப் பாடு எண்டு கேப்பியள். மைக் நடிகரின்ர வாயைப் பாத்துத்தான் நிக்குது. கால் சத்தம் வசனத்தைக் கெடுக்கும் எண்டு நிலத்தில சாக்கோ கம்பளமோ விரிச்சு விடுவினம். அதோட, தமிழ்ப் படங்களில கனகாலமா வசனத்தைப் பிறகு டப்பிங் அறையில பேசித்தான் சேர்க்கிறது. அப்பிடிச் செய்தா, எடுத்த இடத்தில பதிஞ்ச சத்தம் முழுக்க வெளியில போயிடும். காலடியும் அதோட போயிடும். தமிழ்ப் படத்தைத் தெலுங்குக்கோ ஹிந்திக்கோ மாத்தேக்கையும் இதே கதைதான். தமிழ் வசனத்தை எடுத்தா அதுக்குக் கீழ கேட்ட கோப்பைச் சத்தமும் சேந்து போகும். அதால வசனம் இல்லாம, இசையும் சத்தமும் மட்டும் இருக்கிற ஒரு தனித் தடம் குடுக்க வேணும். அந்தத் தடத்தை நிரப்புறது இந்த ஃபோலிக்காரர்தான்.

வேலையை மூண்டாப் பிரிச்சுச் செய்வினம். முதல் தடவை படம் முழுக்க காலடி மட்டும். ரெண்டாம் தடவை உடுப்பு அசையிற சத்தம் மட்டும். மூண்டாம் தடவை கையில எடுக்கிற, வைக்கிற, உடைக்கிற சாமான்கள். ஒவ்வொண்டும் தனித்தனித் தடம். ஒண்டாப் பதிஞ்சா, பிறகு காலடியை மட்டும் குறைக்க ஏலாது.

இனித்தான் எனக்கு விருப்பமான பகுதி. காலடி.

[திரையில்: பாட்டாச் செருப்பு, மிகக் கிட்டத்தில]

பாட்டாச் செருப்பைப் பாருங்கோ. நடக்கேக்க எத்தினை சத்தம் வருது? ஒண்டு இல்லை, ரெண்டு. செருப்பு நிலத்தில படேக்க ஒண்டு. காலைத் தூக்கேக்க, பின்பக்கம் குதிக்காலில வந்து அடிக்கேக்க மற்றது. முதலாவது தட்டையானது, ரெண்டாவது கூர்மையானது. இன்ரநெற்றில இறக்கிற காலடிச் சத்தங்களில பெரும்பாலும் சப்பாத்துத்தான் இருக்கும். அதில இந்த ரெண்டாவது சத்தம் இல்லை. முறிகண்டியில ஒரு அம்மா கச்சான் பையோட நடந்து வாற காட்சிக்கு அந்தச் சப்பாத்துச் சத்தத்தைப் போட்டா, என்ன பிழை எண்டு பாக்கிற ஆளுக்குச் சொல்லத் தெரியாது, ஆனா நம்பமாட்டார். எங்கட குறும்படங்களில படம் பிடிக்கிற விதம் எவ்வளவோ முன்னேறீட்டுது. சத்தம்தான் இன்னும் வேற ஊர்ச் சத்தமா இருக்கு. இந்த வீடியோவே அதுக்குத்தான்.

செய்யிற முறை. ரெண்டடி அகலம், மூண்டடி நீளத்தில ஒரு பலகைத் தட்டு. ஓரம் ஆறு அங்குலம் உயரம். அதை மேசையில வைக்காதேங்கோ, கட்டிலில வைக்காதேங்கோ. கீழ வெறும் இடம் இருந்தா ஒவ்வொரு அடிக்கும் மத்தளம் மாதிரி “டொம்” எண்டு கேக்கும், அதைப் பிறகு எடுக்கவே ஏலாது. நேர சீமெந்து நிலத்தில வையுங்கோ, தட்டுக்குள்ள முதல் ஒரு சணல் சாக்கு விரியுங்கோ. அதுக்கு மேல நாலு அங்குலத்துக்குக் கிரவல். குறைஞ்சா கல்லு பலகையில உரசிற சத்தம் வரும். கிரவலை முதல் அரிதட்டில அரிச்சுத் தூளை எடுத்து விடுங்கோ. தூள் கூடினா நொருநொருப்பு அமத்துப்படும், மைக்குக்குள்ளயும் போகும். கையால கொஞ்சம் தண்ணி தெளிச்சா தூசி அடங்கும். கூடத் தெளிச்சா அது மாரிகால றோட்டு.

நடக்கிறது இருந்த இடத்திலதான். குதிக்கால் முதல், பிறகு பாதத்தை உருட்டி விரல் நுனி. ரெண்டு காலும் ஒரே பாரத்தில விழுந்தா பட்டாளம் அணிவகுக்கிற மாதிரி இருக்கும், அதால ஒரு காலைக் கொஞ்சம் மெதுவா வையுங்கோ. படத்தில கால் தெரியாட்டி எதைப் பாத்து நடக்கிறது? தோளைப் பாருங்கோ. ஒவ்வொரு அடிக்கும் தோள் கொஞ்சம் இறங்கும். கைதேர்ந்த ஃபோலிக்காரர் கனபேர் தோளைப் பாத்துத்தான் நடப்பினம். வயசான ஆளுக்கு அடியை விட இழுவைதான் முக்கியம்.

மைக் எவ்வளவு தூரத்தில? மூண்டடி. ஒரு அடியில வைச்சா கால் பாக்கிற ஆளின்ர காதுக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கும், காட்சியோட ஒட்டாது. அறை வெறுமையா இருந்தா எதிரொலிக்கும், அதால சுவரில மெத்தையைச் சாத்துங்கோ, பெட்சீற் தொங்கவிடுங்கோ. றெக்கோர்டர் செற்றிங்கில 48 கிலோ ஹேர்ட்ஸ், 24 பிட் எண்டு வையுங்கோ. அளவு காட்டுற கோடு அதிகம் போனா மைனஸ் 12 டெசிபெல்லில நிக்க வேணும்.

போனில பதியிற தம்பி தங்கச்சிமாருக்கு முக்கியமான விசயம். போனோட வாற றெக்கோர்டர் கனக்கிறதில இரைச்சல் குறைக்கிற வேலை தானாவே நடக்கும். அதுக்கு மனிசக் குரல்தான் தேவையான சத்தம், காலடி இரைச்சல். அதால அடியின்ர வாலை, அதாவது கடைசியில மெல்ல அடங்கிற சத்தத்தை, வெட்டிப் போடும். செற்றிங்கில அதை நிப்பாட்டுங்கோ. நிப்பாட்ட ஏலாட்டி, வேவ் (WAV) ஃபைலா, அதாவது சத்தத்தைச் சுருக்காமப் பதியிற வேற செயலி ஒண்டு போடுங்கோ.

[திரையில்: சுளகு, பயறு, முருங்கைக்காய், கையுறை]

இப்ப குசினிக்குள்ள வாங்கோ. கடல் வேணுமோ? சுளகில ரெண்டு கைப்பிடி பயறு போட்டு, ஒரு பக்கமாச் சரிச்சு, ஆறேழு வினாடி எடுத்து மெதுவா மற்றப் பக்கம் உருள விடுங்கோ. முல்லைத்தீவுக் கரையில அலை வந்து திரும்பிற சத்தம் அப்பிடியே வரும். தகரத் தட்டில செய்தா கிணுகிணுக்கும். பனையோலைச் சுளகு அந்தக் கிணுகிணுப்பை விழுங்கிப் போடும்.

எலும்பு முறியிறதுக்கு வெளிநாட்டில செலரித் தண்டை முறிப்பினம். எங்களுக்கு முருங்கைக்காய். நாரோட முறியிறதால ஒரே “டக்” இல்லாம, “கறக்... டக்” எண்டு ரெண்டு கட்டமா வரும். ஈரத் துவாயில சுத்தி முறிச்சா தோலுக்குள்ள முறியிற மாதிரி இருக்கும். முறிச்சதை எறியாதேங்கோ, குழம்புக்கு ஆகும்.

வயல் சேத்தில நடக்கிறதுக்கு, பேசினுக்குள்ள ஈரத் துவாயைப் போட்டு உள்ளங்கையால அமத்தி இழுக்க வேணும். பறவை சிறகடிக்கிறதுக்குத் தோல் கையுறை ஒரு சோடியை ஒண்டோட ஒண்டு தட்டுறது. நெருப்புக்கு மொறுமொறு எண்ட பொலித்தீன் தாளைக் கசக்கி மைக்குக்குக் கிட்ட மெல்ல விரிய விடுறது. புல்லில நடக்கிறதுக்கு வீட்டில கிடக்கிற பழைய கசெற் நாடாவைக் குவிச்சு அதுக்கு மேல நடக்கிறது. கனடாவில இருக்கிற மகன் பனியில நடக்கிற காட்சி வேணுமெண்டா, கோர்ன்ஃபிளவர் மாவைத் தோல் பையில இறுக்கிக் கட்டி மாறி மாறி அமத்துங்கோ. ஹொலிவூட்டிலயும் பனி அதுதான். மாவுக்கு மாவு உரசிற நொறுக்கு பனியின்ர நொறுக்கை அப்பிடியே ஒத்திருக்கும்.

ஆனா எல்லாத்துக்கும் மாற்றுச் சாமான் தேடாதேங்கோ. லுமாலா சைக்கிளுக்கு லுமாலா சைக்கிள்தான். லேண்ட்மாஸ்டருக்கு லேண்ட்மாஸ்டர்தான்.

[திரையில்: குளக்கட்டு, தூரத்தில உடுப்புத் தோய்க்கிற ஆள்]

இதைக் கவனியுங்கோ. குளத்துக்கு அங்கால, நூற்றி நாப்பது மீற்றர் தள்ளி ஒருத்தர் கல்லில உடுப்பு அடிக்கிறார். துணி கல்லில பட்டு, திரும்பக் கை மேல போன பிறகுதான் “டப்” எண்டு கேக்குது. சத்தம் ஒரு வினாடிக்கு ஏறத்தாள 345 மீற்றர்தான் போகும். எங்கட வீடியோ ஒரு வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படம். அப்ப ஒரு ஃபிரேம் நேரத்தில சத்தம் ஓடுறது 14 மீற்றர் கூட இல்லை. 140 மீற்றருக்குப் பத்து ஃபிரேம் பிந்தும். உள்ளதை உள்ளபடி பத்து ஃபிரேம் பிந்தி விட்டா, பாக்கிற ஆள் எடிட்டர் பிழை விட்டிட்டார் எண்டு நினைப்பார். அதால கனபேர் அச்சொட்டாப் பொருத்தி விடுவினம். என்ர அபிப்பிராயம், தூரக் காட்சியில ரெண்டு மூண்டு ஃபிரேம் பிந்த விடுங்கோ. பிழையாத் தெரியாது, குளம் பெரிசாத் தெரியும்.

அடுத்தது வெளிச் சத்தம். படம் எடுக்கிற ஒவ்வொரு இடத்திலயும், எல்லாரும் அசையாம நிண்டு ஒரு நிமிசம் வெறும் சத்தத்தைப் பதியுங்கோ. வசனங்களுக்கு நடுவில ஓட்டை விழாம அதுதான் நிரப்பும். ஃபிரிட்ஜ், ஃபான் நிப்பாட்டுங்கோ. பக்கத்து வளவில தண்ணி இறைக்கிற மோட்டர் எத்தினை மணிக்கு நிக்கும் எண்டு முதல் நாளே கேட்டு வையுங்கோ. வைகாசியில இருந்து சோளகம் அடிக்கத் தொடங்கினா பகலில வெளியில பதியிறது வீண் வேலை, விடியக் காலமை போங்கோ. மைக்கோட வாற பஞ்சுத் தொப்பி காத்துக்குக் காணாது, மயிர்த் துணிப் போர்வை வேணும். பழைய கரடிப் பொம்மைத் தோலிலயும் தைக்கலாம். மைக்குக்கும் துணிக்கும் இடையில ரெண்டு அங்குலம் வெளி இருக்கிற மாதிரி வலைக்கூடு ஒண்டு செய்து அதுக்கு மேல போடுங்கோ. துணி மைக்கில முட்டினா பிரியோசனமில்லை.

எதைப் பதியிறது? விலைக்கு வாங்கிற சத்தத் தொகுப்பில இல்லாதது எல்லாம். “பாம் மரத்தில காத்து” எண்டு வாங்கினா அனேகமாத் தென்னோலைதான் வரும், அது மெதுமை. எங்கட பனையில காவோலை ஒண்டோட ஒண்டு அடிபடுறது கரகரப்பு, தகரத்தைக் கீறின மாதிரி. ராத்திரியில ஆள் நடமாட்டம் கண்டா கத்திற ஆக்காட்டி. கார்த்திகை மழைக்குப் பிறகு குளத்தடித் தவளை. காட்டோரக் கிராமங்களில சாமத்தில தூரத்தில கேக்கிற ஆனை வெடி, அதாவது ஆனையைத் துரத்தக் கொளுத்திற வெடி. வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சேருற சனத்தின்ர இரைச்சல். மழைகாலத்தில ஒரு தரம், வெயில்காலத்தில ஒரு தரம் பதிஞ்சு வைச்சா எத்தினையோ படத்துக்கு ஆகும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்கட ஊரில மட்டும் கேக்கிற சத்தம் ஒண்டை ஒரு நிமிசம் பதிஞ்சு எங்களுக்கு அனுப்புங்கோ. பதிவின்ர தொடக்கத்திலயே வாயால ஊர், மாதம், நேரம், என்ன சத்தம் எண்டு சொல்லுங்கோ, ஃபைலின்ர பேர் மாறினாலும் அது மாறாது. வட்ஸ்அப்பில வொய்ஸ் மெசேஜா அனுப்பாதேங்கோ, சுருக்கிப் போடும். டொக்கியூமென்ற் எண்டு இணைச்சு வேவ் ஃபைலா அனுப்புங்கோ. வாறதை எல்லாம் ஒழுங்குபடுத்தி, வன்னியில படம் எடுக்கிற எல்லாரும் காசில்லாம எடுக்கிற மாதிரி இறக்கி விடுவம். இணைப்பு கீழ இருக்கு, சப்ஸ்கிரைப் பொத்தானும் அங்கதான்.