ஈயம் என்றால் எந்த ஈயம்?

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய பெரிய காலம் போய்விட்டது. ஆனால் அந்த உலோகம் நம் அலமாரிகளில் இன்னும் இருக்கிறது. பணி ஓய்வு விழாவில் கொடுத்த பியூட்டர் என்ற ஈயக் கலவைக் குவளை, போட்டியில் வென்ற தட்டு. காது உடைந்தவையும் நசுங்கியவையும் பழைய சாமான் சந்தைக்கு வந்துவிடும். அவற்றை வாங்கி, உருக்கி, சின்னச் சின்னப் பொருள்கள் வார்ப்பதுதான் என் கைவேலை.

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகத்தைச் சொல்லிவிடுகிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். காரீயமோ நஞ்சு. இன்றைய பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயம்தான். கெட்டிப்படக் கொஞ்சம் ஆண்டிமனியும் செம்பும் சேர்ப்பார்கள். மிகப் பழையதில் காரீயம் கலந்திருக்கலாம். அதனால் முதலில் அடிப்பக்க முத்திரையைப் பாருங்கள். முத்திரை இல்லை, கறுத்திருக்கிறது, அளவுக்கு மீறிக் கனக்கிறது, வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி கோடு விழுகிறது என்றால் வீட்டில் உருக்கவே வேண்டாம். கோடு விழாததாலேயே சுத்தம் என்றும் ஆகிவிடாது. தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி போன்ற ஒன்றில் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும்.

சரி, நல்லதுதான் என்று தெரிந்துவிட்டது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகும். பியூட்டர் 300 டிகிரிக்குள் முழுக்க இளகிவிடும். அதையும் தாண்டி உருகாமல் கிடக்கும் துண்டு வேறு உலோகம், எடுத்துவிடுங்கள். குவளையின் காது உள்ளே கூடாக இருந்தால் கட்டாயம் அறுத்துத் திறக்க வேண்டும். உள்ளே அடைபட்ட ஒரு சொட்டு ஈரம் போதும், ஆவியாகி உருகிய உலோகத்தை வாரி இறைக்க.

என் கணுக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. அது கணவாய் மீனின் ஓடு தந்தது. ஓட்டின் மெத்தென்ற பக்கத்தில் கத்தி முனையால் இலை உருவம் குடைந்து வார்த்தால், ஓட்டின் அலையலையான வரிகள் அப்படியே உலோகத்தில் பதியும். எந்த உளியாலும் அந்த வரி வராது. அன்று ஓடு சரியாகக் காயவில்லை. ஊற்றியதும் சீறித் தெறித்தது. அப்புறம் செருப்பை விட்டேன், மூடிய தோல் காலணிதான். கண்ணாடி, கையுறை, நல்ல காற்றோட்டம், இவை இல்லாமல் அடுப்பு மூட்டுவதில்லை. உருக்கும் சட்டி சமையலறைக்குத் திரும்பிப் போகாது.

ஆறிய கட்டியின் முதுகில் ஆணியால் 'வெ' என்று கீறி வைக்கிறேன். சந்தேகமான குவளைகளுக்கு 'கா'. அவை உருக்கப்படாமல், தனித் தகர டப்பாவில், பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத மேல்தட்டில் இருக்கின்றன.